அட்மிஷன் என்று தட்டியவருக்கு நன்கொடைப் பக்கம்: பெயர் தெரியாத சப்டொமைனுக்கு யார் பதில் சொல்வது?

பிளஸ் டூ முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை சூடுபிடித்திருந்த மே மாதத்து வெள்ளிக்கிழமை அது. மாலையில், நான் சர்வர் பார்த்துக்கொள்ளும் கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நம் தளத்தை யாரோ கைப்பற்றிவிட்டார்கள். அட்மிஷன் பக்கத்தைத் திறந்தால் நன்கொடை கேட்கிறது. ஒரு பெற்றோர் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்" என்றார். முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

தமிழ்நாட்டில் சேர்க்கை நேரத்தில் 'நன்கொடை' என்ற சொல்லைப் பெற்றோர் எப்படிப் படிப்பார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. இடம் தருவதற்காகக் கட்டாய நன்கொடை வாங்குவதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தக் கல்லூரி அப்படி ஒரு ரூபாயும் வாங்கியதில்லை. ஆனால் படத்தில் முகவரி தெளிவாக இருந்தது: கல்லூரியின் சொந்தப் பெயர், அதற்கு முன்னால் 'அட்மிஷன்', கீழே தொகையை நிரப்பச் சொல்லும் கட்டம். உலாவி எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. எச்.டி.டி.பி.எஸ். என்ற பாதுகாப்பான இணைப்பு முறையாக அமைந்திருந்தது, தளம் உண்மையானது என்று காட்டும் சான்றிதழும் சரியாக இருந்தது. போலித்தளம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அது எங்கள் சர்வர்தான்.

கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எடுத்துக்காட்டுக்கு 'உதாரணம்.பரிட்சை' என்று வைத்துக்கொள்கிறேன். தமிழ் எழுத்தில் டொமைன் பெயர்கள் இயங்குமா என்று பார்க்க 2007இல், இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு சோதனைக்காகத் திறந்துவைத்த பெயர் அது. தமிழில் இதைப் பற்றி எழுதும்போது அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

அமைப்பு எளிமையானது. ஒரே சர்வர், அதில் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருள். நூலகப் பட்டியலுக்கு 'லைப்ரரி', தேர்வுக்கு 'எக்ஸாம்', சேர்க்கை விண்ணப்பத்துக்கு 'அப்ளை' என்று மூன்று சப்டொமைன்கள் (முதன்மைப் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்து அமைக்கும் துணைப் பெயர்கள்), அவற்றோடு முதன்மைத் தளம். ஒவ்வொன்றுக்கும் தனி அமைவுக் கோப்பு. டெபியன் இயங்குதளத்தில் வழக்கமாக இருக்கும் 'சைட்ஸ்-எனேபிள்டு' கோப்புறையில் அவை கிடந்தன. பெயரை ஐபி முகவரியாக மாற்றிச் சொல்லும் டி.என்.எஸ். பக்கத்தில் முதன்மைப் பெயருக்கு மட்டும் தனிப் பதிவு. மற்ற எல்லாமே ஒரே நட்சத்திரப் பதிவின் வழியாக, அதாவது எந்தத் துணைப் பெயரைக் கேட்டாலும் எங்கள் சர்வரையே காட்டும் பதிவின் வழியாக, வந்தன. புதிய துறைக்குத் தளம் வேண்டும் என்றால் டி.என்.எஸ். கணக்குக்குள் போக வேண்டாம் என்பதற்காக எனக்கு முன்னால் இருந்தவர் செய்த ஏற்பாடு. சான்றிதழும் சப்டொமைன்களுக்கெல்லாம் பொதுவான நட்சத்திரச் சான்றிதழ்தான். சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2018 மார்ச்சில் அவ்வகைச் சான்றிதழ்களை இலவசமாகத் தரத் தொடங்கியது முதல் பல சிறு நிறுவனங்கள் செய்ததையே நாங்களும் செய்திருந்தோம்.

இந்தப் பட்டியலில் 'அட்மிஷன்' இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஊடுருவல் என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதில்தான் முதல் அரை மணி நேரம் போனது. அந்தப் பெயருக்கு டி.என்.எஸ். கொடுத்த ஐபி முகவரி எங்களுடையதே. சான்றிதழின் வரிசை எண் எங்கள் கோப்பில் இருந்ததோடு ஒத்துப்போனது. உள்ளே நுழைந்தவர்களின் பட்டியலில் புதியவர் யாரும் இல்லை. பிறகுதான் படத்தை நிதானமாகப் பார்த்தேன். அந்த நன்கொடைப் பக்கம் எங்களுடையதே. பழைய மாணவர் சங்கத்துக்காக என் உதவியாளர் கட்டிக்கொண்டிருந்த சோதனைத் தளம் அது. நூலகத்துக்குப் புத்தகம் வாங்கப் பழைய மாணவர்கள் பணம் தருவதற்கான பக்கம். பணம் செலுத்தும் பகுதி சோதனை நிலையில் இருந்ததால் யாருடைய காசும் போகவில்லை.

உதவியாளரை அழைத்தேன். "அண்ணா, அந்தத் தளத்தை நான் இன்னும் யாருக்கும் சொல்லவே இல்லை. அதன் பெயரும் 'அலுமினி'தான். அட்மிஷன் என்ற பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை" என்றான். உண்மை. கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. புதன்கிழமை அந்தக் கோப்பைச் சேர்த்து, அமைவைச் சோதித்து, சரி என்று பதில் வந்த பிறகே சர்வரை மறுஏற்றம் செய்திருக்கிறான். கற்றுக்கொடுத்தபடியே எல்லாவற்றையும் செய்திருந்தான்.

லாக் கோப்புகள் உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்ஜின்எக்ஸின் இயல்பான லாக் வடிவத்தில் ஐபி முகவரி, நேரம், கேட்கப்பட்ட பாதை, பதில் எண், உலாவியின் பெயர் ஆகியவை இருக்கும். எந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி வந்தார்கள் என்பது இருக்காது. ஒரே சர்வரில் பல பெயர்களை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய குறை. அறிவிக்கப்படாத 'அலுமினி' தளத்தின் லாக்கில் புதன்கிழமை முதல் வரிசை வரிசையாக வருகைகள் இருந்தன. அவர்கள் யாரைத் தேடி வந்தார்கள் என்று அந்த வரிகள் சொல்லவில்லை.

விடை அகரவரிசையில் இருந்தது.

என்ஜின்எக்ஸுக்கு ஒரு கோரிக்கை வரும்போது, அதில் சொல்லப்பட்ட பெயர் எந்த சர்வர் பிளாக்கின் (ஒரு தளத்துக்கான அமைவுப் பகுதியின்) பெயரோடும் பொருந்தாவிட்டால், அது அந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும் (சர்வரின் வாசல் எண்ணுக்கும்) உரிய இயல்பு பிளாக்கிடம் கோரிக்கையை ஒப்படைக்கிறது. எது இயல்பு என்று நாம் குறிப்பிடவில்லையென்றால், அமைவில் முதலில் வாசிக்கப்பட்ட பிளாக்கே இயல்பு. கோப்புறையில் உள்ள கோப்புகள் ஆங்கில அகரவரிசையில் வாசிக்கப்படுகின்றன. எங்கள் அமைவில் யாரும் எதையும் குறிப்பிட்டிருக்கவில்லை. ஆகவே புதன்கிழமைக்கு முன்புவரை முதல் கோப்பு 'அப்ளை', அதாவது சேர்க்கைத் தளம். பெற்றோர்கள் 'அட்மிஷன்' என்று தட்டியபோதெல்லாம் அவர்களுக்குச் சரியான விண்ணப்பப் பக்கம் கிடைத்தது முழுக்க முழுக்கத் தற்செயல். அது இயங்குவதைப் பார்த்து யாரோ அந்த முகவரியைச் சுற்றறிக்கையில்கூட அச்சிட்டிருக்கிறார்கள். 'அலுமினி' வந்ததும் நிலைமை மாறியது. இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. இரண்டாம் எழுத்தில் 'எல்' (l) 'பி'க்கு (p) முந்தியது. ஒரு கல்லூரியின் நற்பெயர் அந்த இரண்டு எழுத்துகளின் வரிசையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

உடனடியாகச் செய்தது ஒன்றுதான்: 'அலுமினி'யின் இணைப்பை எடுத்துவிட்டு மறுஏற்றம் செய்தேன். பழைய தற்செயல் திரும்பி வந்தது. அது தீர்வு இல்லை என்று தெரிந்தே செய்தேன். அன்று இரவு விண்ணப்பிக்க உட்காரும் பிள்ளைகளுக்கு வழி திறந்திருக்க வேண்டும். கண்காணிப்பாளர் விளக்க அறிக்கை ஒன்றை எழுதி முதன்மைத் தளத்தில் போடச் சொன்னார். போட்டோம்.

இதுவரை சொன்னது எச்.டி.டி.பி.க்கும் பொருந்தும். பாதுகாப்பான இணைப்பில் சிக்கல் இன்னும் ஆழமானது. அதைப் புரிந்துகொள்ளாமல் சனிக்கிழமை காலை நான் செய்த முதல் திருத்தம் அரைகுறையாகப் போனது.

ஒரு எச்.டி.டி.பி.எஸ். கோரிக்கையில் தளத்தின் பெயர் இரண்டு முறை சொல்லப்படுகிறது. முதல் முறை டி.எல்.எஸ். ஹேண்ட்ஷேக்கின், அதாவது பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் தொடக்க உரையாடலின், முதல் செய்தியிலேயே, எஸ்.என்.ஐ. என்ற நீட்டிப்பில். எந்தச் சான்றிதழைக் காட்டுவது என்று சர்வர் முடிவு செய்வது அதை வைத்துத்தான். 2003இல் தரமாக்கப்பட்ட இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி முகவரி தேவைப்பட்டது. இரண்டாம் முறை, ஹேண்ட்ஷேக் முடிந்து இணைப்பு மறைகுறியாக்கப்பட்ட பிறகு, கோரிக்கையின் ஹோஸ்ட் வரியில். தபாலில் உறையின் மேல் ஒரு விலாசமும் உள்ளே கடிதத்தின் தலைப்பில் ஒரு விலாசமும் இருப்பதைப் போல. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"தெரியாத பெயர் வந்தால் முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிட்டுவிடலாம்" என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. எனக்கும் அதுதான் தோன்றியது. எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு உரிய 443ஆம் போர்ட்டில் இயல்பு என்று குறிப்பிட்ட ஒரு புதிய பிளாக்கை எழுதி, நட்சத்திரச் சான்றிதழைக் கொடுத்து, 301 எண்ணோடு முதன்மைத் தளத்துக்குத் திருப்பினேன். 'அட்மிஷன்' என்று தட்டிப் பார்த்தேன். முதன்மைத் தளம் வந்தது. 'அலுமினி' கோப்பைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தேன். அப்போதும் முதன்மைத் தளமே வந்தது. முடிந்தது என்று நினைத்துக் கண்காணிப்பாளரிடம் சொன்னேன். பத்து நிமிடத்தில் அவர் திரும்ப அழைத்தார். "தம்பி, என் கைபேசியில் இன்னும் நன்கொடைதான் வருகிறது."

உலாவியின் தற்காலிகச் சேமிப்பாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று. அவர் கைபேசி ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரி வழியாக வந்துகொண்டிருந்தது. கல்லூரி அலுவலக இணைப்பும் என் வீட்டு இணைப்பும் பழைய வகையான ஐபிவி4. என்ஜின்எக்ஸில் 'இயல்பு' என்ற தகுதி, பிளாக்குக்கு உரியது என்பதைவிட அது கேட்டுக்கொண்டிருக்கும் முகவரி, போர்ட் இணைக்கு உரியது என்பதே சரி. ஐபிவி4க்கு நான் குறிப்பிட்டிருந்தேன். ஐபிவி6க்கான லிசன் வரியை, அதாவது எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்று சொல்லும் வரியை, என் புதிய பிளாக்கில் எழுதவே இல்லை. ஆகவே ஐபிவி6 வழியில் வந்தவர்களுக்குப் பழைய அகரவரிசையே ஆட்சி செய்தது. இந்தியாவில் கைபேசியில் இணையம் பார்ப்பவர்களில் பெரும்பகுதியினர் ஐபிவி6 வழியில் வருகிறார்கள். பெற்றோர்கள் பார்ப்பதும் கைபேசியில்தான். நான் சரிசெய்தது மேசைக் கணினிக்காரர்களுக்கு மட்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்ட அமைவுகளை அதன் பிறகு வேறு இடங்களிலும் பார்த்துவிட்டேன்.

அந்த வரியைச் சேர்த்த பிறகும் திருப்பிவிடும் முறை என் மனத்துக்கு ஒப்பவில்லை. காரணங்களை வரிசையாகச் சொல்வதைவிட, ஞாயிறு அன்று நடந்ததைச் சொல்கிறேன். நூலகர் எழுதியிருந்தார்: சிலர் பழக்கத்தில் 'டபிள்யு டபிள்யு டபிள்யு' சேர்த்து 'லைப்ரரி'யைத் திறக்கிறார்கள், அவர்களுக்கு உலாவி பெரிய எச்சரிக்கையைக் காட்டுகிறது, தொடரவும் விடுவதில்லை. நட்சத்திரச் சான்றிதழில் உள்ள நட்சத்திரம் ஒரே ஒரு படியைத்தான் குறிக்கும். லைப்ரரி.உதாரணம்.பரிட்சைக்கு அது பொருந்தும். அதற்கும் முன்னால் இன்னொரு படி வந்தால் பொருந்தாது. டி.என்.எஸ். நட்சத்திரம் அப்படியில்லை. இடையில் தனிப் பதிவு எதுவும் இல்லாதவரை எத்தனை படி இருந்தாலும் அது பதில் சொல்லும். ஆக, டி.என்.எஸ். அவர்களை எங்கள் வாசலுக்குக் கூட்டிவந்தது. சான்றிதழ் வாசலில் தடுத்தது. நான் எழுதிய 301 வரியை அவர்கள் பார்க்கவே இல்லை. திருப்பிவிடும் பதில் ஹேண்ட்ஷேக் வெற்றியாக முடிந்த பிறகே போய்ச்சேரும். பொருந்தும் சான்றிதழ் இல்லாத பெயரை எச்.டி.டி.பி.எஸ்.ஸில் திருப்பிவிட எந்த சர்வராலும் முடியாது. எந்த மென்பொருளை மாற்றினாலும் இது மாறாது.

தொடரவும் விடாததற்குக் காரணம் எங்களுடைய இன்னொரு பழைய வரி. முதன்மைத் தளம், 'எச்.டி.டி.பி.எஸ்.ஸில் மட்டுமே வா' என்று உலாவிக்குச் சொல்லும் எச்.எஸ்.டி.எஸ். தலைப்பை ஓராண்டுக் காலத்துக்கும் எல்லாச் சப்டொமைன்களையும் சேர்த்தும் அனுப்பிக்கொண்டிருந்தது. அதை ஒருமுறை பெற்ற உலாவி, இந்த டொமைனின் கீழ் எந்தப் பெயரிலும் சான்றிதழ்ப் பிழையைப் பயனர் தாண்டிச் செல்ல அனுமதிக்காது. அது சரியான நடத்தை. அதைத் தளர்த்த நான் விரும்பவில்லை.

301இல் வேறொரு ஆபத்தும் இருந்தது. அது நிரந்தரத் திருப்பம். உலாவிகள் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இன்று இல்லாத ஒரு பெயரில் அடுத்த ஆண்டு நிஜமாகவே ஒரு தளம் தொடங்கினால், முன்பு அந்தப் பெயரைத் தட்டிய சிலரின் உலாவி சர்வரைக் கேட்காமலேயே முதன்மைத் தளத்துக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறான முகவரி 'இயங்கிவிடுகிறது' என்பதே இந்த நிகழ்வின் வேர். இல்லாத பெயரைச் சுற்றறிக்கையில் அச்சிட்டவருக்கு அன்றே பிழை தெரிந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதில்லை. சான்றிதழ்களைத் தானியங்கியாக வழங்கும் ஆக்மே நெறிமுறையின் தர ஆவணம் 2019இல் வெளியானது. டொமைன் யாருடையது என்று சோதிக்கும் கோரிக்கை எச்.டி.டி.பி.எஸ். வழியாகத் தொடங்கக் கூடாது, எச்.டி.டி.பி. வழியாகத்தான் தொடங்க வேண்டும் என்று அது விதிக்கிறது. காரணத்தையும் சொல்கிறது: பல வலை சர்வர்கள் இயல்பு எச்.டி.டி.பி.எஸ். தளம் என்ற தகுதியை, எளிதில் புலப்படாத வகையில், குறைந்த உரிமைகளே உள்ள ஏதோ ஒரு வாடகைதாரருக்குக் கொடுத்துவிடுகின்றன. 'அலுமினி'க்கு நடந்தது இதுவேதான். ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் இடத்தில், அகரவரிசையில் முன்னால் வரும் பெயரை எடுத்துக்கொண்டவர் மற்றவர்களின் பெயரில் பதில் சொல்லிவிடலாம் என்ற அச்சம் உலகத் தரத்திலேயே ஒரு விதியாகியிருக்கிறது. 2018 ஜனவரியில் ஃபிரான்ஸ் ரோசன் என்ற ஆய்வாளர் இதற்கு நெருங்கிய உறவான ஒரு ஓட்டையைக் காட்டினார். பகிர்வு சர்வர்கள் சிலவற்றில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயருக்கான சான்றிதழை எந்த வாடிக்கையாளரும் ஏற்ற முடிந்தது. அதை வைத்து அடுத்தவர் டொமைனுக்குச் சான்றிதழ் வாங்கலாம் என்பது தெரிந்ததும், லெட்ஸ் என்கிரிப்ட் அந்தச் சோதனை முறையை நிறுத்தி, பிறகு அடியோடு கைவிட்டது.

ஞாயிறு இரவு அமைவை முதலிலிருந்து எழுதினேன். பெயர் தெரியாத கோரிக்கைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெளிவு வந்தது. ஒரு கூட்டம் எங்கள் டொமைனின் கீழ் ஒரு படியில் தவறான பெயரைத் தட்டிய மனிதர்கள். அவர்களுக்குக் காட்ட எங்களிடம் செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்கிறது. ஆகவே மரியாதையாக ஒரு பதில் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும். இன்னொரு கூட்டம் மற்ற எல்லாம்: வெறும் ஐபி முகவரியைத் தட்டிப் பார்க்கும் தானியங்கித் துழாவிகள், எஸ்.என்.ஐ. இல்லாமல் வருபவை, சம்பந்தமே இல்லாத டொமைனின் பெயரைச் சொல்லி வருபவை, இரண்டு படிப் பெயர்கள். இவர்களுக்குக் காட்ட நம்மிடம் பொருந்தும் சான்றிதழ் கிடையாது. பொருந்தாத சான்றிதழைக் காட்டுவது நம் டொமைன் பெயரைத் துழாவிகளுக்கு இனாமாகக் கொடுப்பது மட்டுமே.

இரண்டாம் கூட்டத்துக்கு என்ஜின்எக்ஸ் 1.19.4 பதிப்பில், 2020இல், ஒரு நல்ல கருவி வந்தது: 'எஸ்.எஸ்.எல். ரிஜெக்ட் ஹேண்ட்ஷேக்' என்ற கட்டளை. அடிக்கோடுகளால் இணைத்து எழுத வேண்டும். இயல்பு பிளாக்கில் இதை 'ஆன்' என்று வைத்தால், சர்வர் எந்தச் சான்றிதழையும் காட்டாமல், 'இந்தப் பெயரை அறியேன்' என்ற பொருள்கொண்ட 112ஆம் எண் எச்சரிக்கையை அனுப்பி இணைப்பை முடித்துவிடும். விலாசதாரர் இல்லை என்று உறையிலேயே முத்திரை குத்தித் திருப்புவதைப் போல. கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. இந்த பிளாக்கில் சான்றிதழ்க் கோப்பே தேவையில்லை. முன்பு இதற்காகவே போலிச் சான்றிதழ் ஒன்றை உருவாக்கி வைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தொல்லை போயிற்று. எஸ்.என்.ஐ. அனுப்பத் தெரியாத மிகப் பழைய சாதனங்களும் இதனால் வெளியே நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அப்படிப்பட்டது. அதை ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் இந்த ஒரு வரி போதும் என்று நினைப்பது தவறு. நான் முன்பு சொன்ன இரண்டு விலாசங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எச்.டி.டி.பி. 2இல் உலாவி ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பையே வேறொரு பெயருக்கும் பயன்படுத்தலாம். ஐபி முகவரி ஒன்றாகவும், சான்றிதழ் அந்தப் பெயரையும் உள்ளடக்கியதாகவும் இருந்தால் போதும். நட்சத்திரச் சான்றிதழ் ஒரு படியில் உள்ள எல்லாப் பெயரையும் உள்ளடக்கும். தீய நோக்கம் உள்ளவர் வேண்டுமென்றே உறையில் 'லைப்ரரி' என்றும் உள்ளே வேறொரு பெயரும் எழுதி அனுப்பலாம். அப்போது ஹேண்ட்ஷேக் முறையாக முடிந்திருக்கும். நிராகரிக்கும் கட்டளைக்கு வேலையே வராது. ஹோஸ்ட் வரியைப் பார்த்து என்ஜின்எக்ஸ் அதே இயல்பு பிளாக்குக்குள் கோரிக்கையை அனுப்பும். அங்கே வேறு கட்டளை இல்லையென்றால் இயல்பான கோப்புறையிலிருந்து எதையாவது எடுத்துக் கொடுக்கும். ஆகவே அதே பிளாக்கில் 421 என்ற பதில் எண்ணைத் திருப்பித் தரும் வரியும் வேண்டும். 'இந்தக் கோரிக்கை வரவேண்டிய இடம் இதுவல்ல' என்று பொருள்படும் இந்த எண் 2015இல் எச்.டி.டி.பி. 2 தரத்தோடு வந்தது. அதைப் பெறும் உலாவி புதிய இணைப்பைத் திறந்து மறுபடி கேட்கலாம். அப்படிக் கேட்டால் ஹேண்ட்ஷேக்கிலேயே பதில் கிடைத்துவிடும்.

முதல் கூட்டத்துக்கான பிளாக்கில் ஒரு கண்ணி இருந்தது. பெயர் வரியில் 'நட்சத்திரம்.உதாரணம்.பரிட்சை' என்று எழுதினால் போதும் என்று தோன்றும். ஆனால் என்ஜின்எக்ஸின் நட்சத்திரம் டி.என்.எஸ். நட்சத்திரத்தைப் போன்றது, எத்தனை படியையும் விழுங்கும். 'டபிள்யு டபிள்யு டபிள்யு' சேர்த்து லைப்ரரியைத் தேடியவர் இந்த பிளாக்குக்குள் வந்து மறுபடி சான்றிதழ்ப் பிழையில் சிக்கியிருப்பார். ஆகவே நட்சத்திரத்துக்குப் பதிலாக, 'புள்ளி இல்லாத ஒரே ஒரு படி, பிறகு எங்கள் டொமைன்' என்று பொருள்படும் சுருங்குறித் தொடரை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) எழுதினேன். முழுப்பெயர் பொருத்தம் எப்போதும் முந்தும் என்பதால் 'அப்ளை', 'லைப்ரரி' எல்லாம் தம் இடத்திலேயே இருந்தன. ஒரே நட்சத்திரக் குறி சான்றிதழில் ஒரு பொருளிலும், டி.என்.எஸ்.ஸிலும் அமைவுக் கோப்பிலும் வேறொரு பொருளிலும் நடந்துகொள்கிறது என்பதை எந்த நூலும் எனக்கு ஒரே இடத்தில் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்த பிளாக் 404 எண்ணோடு ஒரு சிறு பக்கத்தைக் காட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும்: "இந்தப் பெயரில் எங்கள் கல்லூரிக்குத் தளம் இல்லை. சேர்க்கைக்கு இங்கே, தேர்வு முடிவுக்கு இங்கே, நூலகத்துக்கு இங்கே." அவ்வளவே. தானாக எங்கும் திருப்புவதில்லை. 404 என்பதால் தேடுபொறிகள் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

80ஆம் போர்ட்டிலும் ஒரு பழைய வழக்கத்தை மாற்றினேன். எச்.டி.டி.பி.யில் வந்தவரை, அவர் சொன்ன ஹோஸ்ட் பெயரையே திருப்பி எழுதி எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு அனுப்பும் வரி அங்கே இருந்தது. வந்தவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் நம்பி எதிரொலிப்பது அது. இப்போது தெரிந்த பெயர்களுக்கு மட்டும் நிலையான முகவரியோடு திருப்பம். தெரியாதவற்றுக்கு 444, அதாவது பதில் எதுவும் இல்லாமல் இணைப்பை மூடுதல். 444 என்ஜின்எக்ஸுக்கு மட்டுமே உரிய எண். வெளியே யாருக்கும் அது தெரியாது.

வேறு சர்வர் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: அப்பாச்சியிலும் முதலில் வாசிக்கப்படும் வெர்ச்சுவல் ஹோஸ்ட்தான் இயல்பு, ஆகவே இதே கதை அங்கும் நடக்கும். ஹெச்.ஏ.பிராக்ஸியில் 'ஸ்டிரிக்ட் எஸ்.என்.ஐ.' என்ற விருப்பம் இதே வேலையைச் செய்யும். கேடி (Caddy) மென்பொருளில் கேட்ட பெயருக்கெல்லாம் உடனுக்குடன் சான்றிதழ் வாங்கும் வசதி இருக்கிறது. அதைத் திறந்துவைப்பவர்கள், எந்தப் பெயருக்கு வாங்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறும் முகவரியைக் கட்டாயம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தெரியாத பெயர்கள் சான்றிதழ் வரம்பைத் தின்றுவிடும்.

சோதிப்பதை இம்முறை நான் உலாவியிடம் விடவில்லை. ஓப்பன்.எஸ்.எஸ்.எல். கருவியில் சர்வர் பெயரைக் கொடுத்தும், பெயரே கொடுக்காமலும் இணைத்துப் பார்த்தேன். கர்ல் கருவியில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் தனித்தனியே கட்டாயப்படுத்தினேன். உறையில் ஒரு பெயர், உள்ளே வேறு பெயர் என்றும் அனுப்பினேன். பிறகு 'அலுமினி'யைவிடவும் முன்னால் வரும் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பைச் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். எதுவும் மாறவில்லை. வேறொரு கோப்பும் தன்னை இயல்பு என்று குறிப்பிட்டால் என்ஜின்எக்ஸ் அமைவுச் சோதனையிலேயே இரட்டை இயல்பு என்று பிழை காட்டி நிறுத்துகிறது. கோப்புக்குச் சுழியத்தில் தொடங்கும் பெயர் வைத்து வரிசையில் முன்னால் தள்ளும் பழைய தந்திரத்தைவிட இதை நான் விரும்புவது அதனால்தான்.

லாக் வடிவத்தில் ஹோஸ்ட் பெயரையும் எஸ்.என்.ஐ. பெயரையும் சேர்த்தேன். ஹேண்ட்ஷேக்கில் நிராகரிக்கப்பட்டவை அங்கே வராது என்பதை நினைவில் வைக்க வேண்டும்; கோரிக்கை என்று ஒன்று உருவாகவே இல்லை. அவற்றைப் பார்க்கப் பிழை லாக்கின் அளவை 'இன்ஃபோ' வரை சில நாள் இறக்கிவைத்தோம்.

அந்தப் புதிய லாக் ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்தது மிகுதி. மனிதர்கள் உண்மையில் தட்டும் தவறான பெயர்கள் ஐந்தாறுதான்: அட்மிஷன், அட்மிஷன்ஸ், ரிசல்ட், ரிசல்ட்ஸ், ஹாஸ்டல், பழைய மின்னஞ்சல் தளத்தின் பெயர். மற்றவை எல்லாம் துழாவிகளின் ஊகங்கள். அந்த ஐந்தாறுக்கும் தனித்தனி பிளாக்குகள் எழுதி, உரிய தளத்துக்கு 302 என்ற தற்காலிகத் திருப்ப எண்ணோடு திருப்பினோம். இது முன்பு செய்த திருப்பத்திலிருந்து வேறுபட்டது. யாருக்கு எங்கே போக வேண்டும் என்று நாங்கள் படித்துப் பார்த்து முடிவு செய்தது.

பிறகு டி.என்.எஸ். நட்சத்திரத்தை நீக்குவது பற்றிப் பேச்சு வந்தது. உதவியாளர் தயங்கினான். "அண்ணா, சர்வர்தான் இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறதே?" என்றான். சொல்கிறது. ஆனால் இல்லாத பெயருக்கு மிக நேர்மையான பதில், அப்படி ஒரு பெயரே இல்லை என்று டி.என்.எஸ். சொல்வது. நட்சத்திரம் இருக்கும்வரை, சர்வர் அமைவில் யாரோ எப்போதோ செய்யும் பிழை ஊருக்கே தெரியும்படி வெளிவரும். தனிப் பதிவுகள் இருந்தால் புதிய தளம் தொடங்க ஒரு படி கூடுதல் வேலை; அந்த ஒரு படியில்தான் 'இந்தப் பெயர் வேண்டுமா' என்ற கேள்வி கேட்கப்படுகிறது. நட்சத்திரச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டோம். தனித்தனிச் சான்றிதழ் வாங்கினால் ஒவ்வொரு பெயரும் பொதுச் சான்றிதழ்ப் பதிவேட்டில் ஏறிவிடும். அறிவிக்காத சோதனைத் தளங்களைத் துழாவிகள் அங்கிருந்தே கண்டுபிடிக்கின்றன. மறுபக்கம், சான்றிதழின் ஒரே ரகசியச் சாவி எல்லாப் பெயருக்கும் செல்லும் என்பது ஆபத்து. நட்சத்திரச் சான்றிதழ்களின் அபாயம் குறித்து அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையே 2021 அக்டோபரில் எச்சரித்திருக்கிறது. எங்களுக்கு ஒரே சர்வர்தான் என்பதால் சாவி வேறெங்கும் பிரதி எடுக்கப்படவில்லை. இரண்டாவது சர்வர் வரும் நாளில் இந்த முடிவை மாற்றுவேன் என்று கோப்பிலேயே குறித்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்டில், சேர்க்கை முடிந்து வகுப்புகள் தொடங்கிய பிறகு, ஏழெட்டுத் தனிப் பதிவுகளைச் சேர்த்துவிட்டு நட்சத்திரத்தை நீக்கினோம். 'அலுமினி' தளம் அதே வாரம் தன் சொந்தப் பெயரில் முறையாகத் திறக்கப்பட்டது. நன்கொடைப் பக்கத்தின் தலைப்பை மட்டும் கண்காணிப்பாளர் மாற்றச் சொன்னார். இப்போது அங்கே 'நூலகத்துக்குப் புத்தகம் வழங்க' என்றிருக்கிறது.